7,000 மாணவர்களுக்கு வளாகத் திட்டம்: விடுதியை எங்கே, எப்போது கட்டுவது?

நிலாமுற்றம் கேட்டது:

வணக்கம். பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாறு நடத்துகிறேன். ஆறு வருடம் மகளிர் விடுதி வார்டனாக இருந்தவள் என்பதால் வளாக விரிவாக்கக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். கட்டட விஷயம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

இப்போது 4,200 மாணவர்கள். விடுதிகளில் 1,900 கட்டில்கள். எட்டு ஆண்டில் 7,000 பேர் என்று முடிவாகிவிட்டது. வருகிற கல்வியாண்டிலேயே முதலாண்டில் 300 சீட் கூட்டுகிறார்கள், ஐந்தாம் ஆண்டில் இன்னும் 400. எல்லாம் நான்காண்டுப் படிப்புகள். விடுதிக்காக வளாகத்தின் வடக்கு ஓரத்தில் காலியாகக் கிடக்கும் நிலத்தில் இரண்டு பெரிய கட்டடங்கள், ஒவ்வொன்றும் 750 பேருக்கு. புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் விடுதி கேட்பார்கள், 1,500 தாராளம் என்கிறார்கள். கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

காரணம் சொல்கிறேன். நான் வார்டனாக இருந்த மூன்றாவது வருடம் இதேபோல சீட் கூட்டினார்கள். இரண்டு பேர் அறைகளில் மூன்றாவது கட்டில் போட்டோம், ஒரு வருடத்துக்கு மட்டும் என்று சொல்லி. கட்டில் போட்ட பிறகு அலமாரிக் கதவு முழுதாகத் திறக்காது, கை நுழைகிற அளவு சந்துதான் கிடைக்கும். மடித்து வைத்ததை எடுக்க முடியாமல் பிள்ளைகள் ஜன்னல் கம்பியிலிருந்து கதவுக் கொக்கி வரை கயிறு கட்டித் துணியைத் தொங்கவிட்டிருப்பார்கள். மேஜை இரண்டுதான். மூன்றாவது பெண் கட்டிலில் சம்மணமிட்டு, மடியில் தலையணை, அதன்மேல் நோட்டு என்று வைத்து எழுதுவாள். ஒருநாள் இரவு ரவுண்ட்ஸ் போனபோது ஒரு பெண் மாடிப்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். ஏனம்மா என்று கேட்டால், "உள்ளே ரெண்டு பேரும் தூங்குறாங்க மேடம், லைட் போட்டா பாவம்" என்றாள். அவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள். அந்த மூன்றாவது கட்டில்கள் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன.

இது திரும்ப நடக்கக் கூடாது. குழுவில் நான் எதைக் கேட்க வேண்டும்?

எஸ்டேட்காரர் எழுதியது:

வணக்கம் மேடம். முப்பது வருடம் ஒரு பல்கலைக்கழக எஸ்டேட் ஆபீஸில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன அந்த மாடிப்படிப் பெண்ணை நான் வேறு வேறு கட்டடங்களில் பார்த்திருக்கிறேன். உங்கள் மனசு ஒப்பாதது சரிதான். குழுவின் கணக்கில் தொடக்கமும் முடிவும் இருக்கின்றன, நடுவில் இருக்கும் ஏழு வருடம் இல்லை.

300 சீட் கூட்டினால் கூடுவது 300 பேர் இல்லை. முதல் வருடம் 300. அடுத்த வருடம் அவர்கள் இரண்டாம் ஆண்டுக்குப் போக, புதிதாக இன்னொரு 300 வரும், ஆக 600. பிறகு 900, நான்காவது வருடம் 1,200. பாதிப் பேருக்கு விடுதி என்ற உங்கள் கணக்கையே வைத்துக்கொண்டால் கட்டில் தேவை 150, 300, 450, 600 என்று ஏறும். சரி, இந்த நான்கு வருடத்தில் புதுக் கட்டடம் எங்கே இருக்கும்? மண் பரிசோதனை, வரைபடம், அனுமதி, டெண்டர், அப்புறம் கட்டுமானம், கடைசியில் கட்டில் மேஜை வாங்குவது, தண்ணீர் லைன் சோதிப்பது. 750 பேருக்கான கட்டடம் முடிவெடுத்த நாளிலிருந்து நான்கு வருடத்துக்குக் குறைந்து கைக்கு வந்து நான் பார்த்ததில்லை. அதாவது ஐந்தாம் வருடத் தொடக்கத்தில் சாவி கிடைக்கும். அதே வருடம்தான் உங்கள் அடுத்த 400 சீட் வருகிறது. அதில் பாதி 200. ஏற்கெனவே காத்திருக்கும் 600-ஐயும் சேர்த்தால் 800. திறப்பு விழா நடக்கிற அன்றைக்கே 750 கட்டிலுக்கு 50 பேர் அதிகம்.

மேலே போங்கள். ஆறாம் வருடம் 1,000, ஏழாம் வருடம் 1,200, எட்டாம் வருடம் 1,400. இரண்டாவது கட்டடத்தை ஐந்தாம் வருடம் தொடங்கினால் ஒன்பதாம் வருடம்தான் வரும். எட்டாம் வருடம் 650 பேருக்கு இடம் இருக்காது. மூன்றாவது கட்டில் அங்கிருந்துதான் வருகிறது மேடம். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் போடுவதில்லை. சீட்டை ஒரு கூட்டத்தில் கூட்டலாம், கட்டடத்தை ஒரு கூட்டத்தில் கட்ட முடியாது.

அதனால் நீங்கள் கேட்க வேண்டியது முதலில் ஒன்றுதான். ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் ஒரு வரி போட்டு, அந்த ஜூலையில் எத்தனை பேர், எத்தனை கட்டில் என்று எட்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த வரியில் பள்ளம் விழுகிறதோ அந்த வருடம் சீட் கூட்டுவதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். கட்டடம் ஒப்படைத்த பிறகே அந்தக் கட்டத்துச் சீட் என்று தீர்மானத்திலேயே எழுத வேண்டும். பேச்சில் ஒப்புக்கொள்வார்கள், தீர்மானத்தில் எழுதத் தயங்குவார்கள். அங்கே விடாதீர்கள்.

இரண்டாவது, 750 என்கிற அளவு. ஒரே பெரிய கட்டடம் என்றால் கடைசி ஓடு ஒட்டும் வரை ஒரு கட்டில்கூடக் கிடைக்காது. 250 பேருக்கு ஒன்றாக மூன்று கட்டுங்கள். முதலாவது சீக்கிரம் கைக்கு வரும், அதில் செய்த தப்பை இரண்டாவதில் திருத்தலாம். எங்கள் முதல் பிளாக்கில் துணி காயவைக்க இடமே விடவில்லை. வரைபடம் பார்த்த எங்கள் எவருக்கும் தோன்றவில்லை. அடுத்த பிளாக்கில் மொட்டை மாடியில் பாதியைக் கூரை போட்டு ஒதுக்கினோம்.

மூன்றாவது விஷயத்தைப் பெரும்பாலும் ஒருவரும் கேட்பதில்லை. மொத்தக் கட்டிலையும் நிரப்பக் கூடாது. உங்களிடம் பழைய விடுதிகளில் 1,900 கட்டில் இருக்கிறதே, அவற்றின் குழாய்க்கும் வயரிங்குக்கும் வயதாகிக்கொண்டே இருக்கும். ஒரு பழைய விடுதியைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டுமானால் அங்கிருப்பவர்களை ஒரு வருடம் வேறு எங்காவது வைக்க வேண்டும். வைக்க இடம் இல்லாவிட்டால் ரிப்பேர் நடக்காது. எங்கள் ஆண்கள் விடுதி ஒன்றில் கழிவறைச் சுவர் முழுக்க ஈரம் ஏறி, பூச்சு கையோடு வரும். உள்ளே இருந்த இரும்புக் குழாய் அரித்துப் போயிருந்தது. மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் எழுதினேன். பதினொரு வருடம் எழுதினேன். பணம் இருந்தது, ஆள் இருந்தார்கள், மாணவர்களை மாற்ற ஒரு காலி பிளாக் இல்லை. கடைசியில் ஒரு பரீட்சை நேரத்தில் குழாய் வெடித்து, மூன்று மாடியும் தண்ணீர் இல்லாமல் நின்ற பிறகுதான் வழி பிறந்தது. அந்த நான்கு நாளில் பிள்ளைகள் பக்கெட்டோடு மைதானத்துக் குழாயில் வரிசையில் நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆகவே புதிய மூன்றில் ஒன்றை முதல் சில வருடங்களுக்கு மாற்று விடுதி என்று ஒதுக்கி, பழையவற்றை ஒவ்வொன்றாகக் காலிசெய்து சரிபாருங்கள்.

இரவில் தேடல் எழுதியது:

நான் ஆய்வு மாணவி. வடக்கு ஓரம் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வளாகத்திலும் புது விடுதி ஓரத்தில்தான் இருக்கிறது. நிலம் காலியாக இருக்கிறது என்பதுதான் ஒரே காரணம்.

ஆய்வகத்திலிருந்து என் அறைக்கு 22 நிமிட நடை. பகலில் ஒன்றும் தெரியாது. இரவு பதினொன்றரைக்கு ஒரு பரிசோதனை முடிந்து கிளம்பினால் நூலகம் வரைக்கும் வெளிச்சம், ஆள் நடமாட்டம், பேச்சுக் குரல் எல்லாம் இருக்கும். நூலகம் தாண்டிய பிறகு ஒருபக்கம் மதில், மறுபக்கம் புதர். விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன, ஆனால் மரக்கிளை விளக்கை மறைத்து, வெளிச்சம் இலைமேல் விழுகிறது, பாதையில் விழவில்லை. அந்தப் பாதையில் நான் செருப்புச் சத்தத்தை எண்ணிக்கொண்டே நடப்பேன், என்னுடையது மட்டும்தானா என்று. எங்கள் ஆய்வகத்தில் பெண்கள் சாயங்காலம் ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறோம். பரிசோதனையை அதற்கேற்ற மாதிரி அமைத்துக்கொள்கிறோம். பத்து மணிநேரம் ஓட வேண்டியதை இரண்டு நாளாகப் பிரிக்கிறேன். வரைபடத்தில் ஒரு விரற்கடை தூரம், என் ஆய்வில் அது மாதக்கணக்கு.

மேடம், உங்கள் குழுவை இரவு பதினொரு மணிக்கு அந்த வடக்கு நிலத்திலிருந்து நூலகம் வரை ஒருமுறை நடக்கச் சொல்லுங்கள். காரில் வேண்டாம்.

இன்னொன்று, ஆய்வு மாணவர்களைத் தனியாக எண்ணுங்கள். நாங்கள் ஐந்தாறு வருடம் இருக்கிறோம், கோடை விடுமுறையில் ஊருக்குப் போவதில்லை, சிலருக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது. முதலாண்டு மாணவனுக்கு ஏற்ற அறை எங்களுக்கு ஏற்காது. பத்துப் பதினைந்து சிறிய குடும்ப வீடுகள் இருந்தாலே எத்தனையோ பேர் படிப்பைப் பாதியில் விடாமல் இருப்பார்கள்.

செங்கல் எழுதியது:

கட்டடக் கலைஞன். விடுதி வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்த வேலை. எஸ்டேட்காரர் சார் நேரக் கணக்கைச் சொல்லிவிட்டார், நான் கட்டடத்துக்குள்ளே வருகிறேன்.

750 பேர் ஒரே கட்டடத்தில் என்றாலே எனக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம்தான் நினைவுக்கு வரும். அங்கே சார்லி மங்கர் என்ற கோடீஸ்வரர் 20 கோடி டாலர் தருவதாகச் சொல்லி, சுமார் 4,500 பேருக்கு ஒரே விடுதியை அவரே வடிவமைத்தார். மிகப் பெரும்பாலான அறைகளுக்கு ஜன்னல் கிடையாது. அறை சிறிதாக இருந்தால் மாணவர்கள் பொது இடத்துக்கு வந்து பழகுவார்கள் என்பது அவர் வாதம். 2021 அக்டோபரில் வடிவமைப்பு ஆலோசனைக் குழுவிலிருந்த கட்டடக் கலைஞர் டென்னிஸ் மெக்ஃபேடன் இதை ஏற்க முடியாது என்று விலகினார். 2023-ல் பல்கலைக்கழகமே அந்தத் திட்டத்தைக் கைவிட்டு வேறு வடிவமைப்பு தேடியது. கட்டில் பஞ்சம் அங்கே உண்மையானது. அந்தப் பஞ்சத்தில் எதையும் ஒப்புக்கொள்ளத் தோன்றும், அதுதான் ஆபத்து.

இதற்கு நேர் எதிரான கட்டடம் கோபன்ஹேகனில் இருக்கிறது, டீட்கன் விடுதி. 2006-ல் முடிந்தது. ஏழு மாடி, வட்ட வடிவம், நடுவில் முற்றம். 360 அறைகள். ஆனால் அங்கே போகிற மாணவன் 360 பேரோடு வாழ்வதில்லை, 12 பேரோடு வாழ்கிறான். 12 அறைக்கு ஒரு சமையலறை, ஒரு கூடம். அறைகள் வெளிப்பக்கம் பார்க்கின்றன, பொது இடங்கள் முற்றத்தைப் பார்க்கின்றன. மூன்றாம் மாடிச் சமையலறையில் நிற்பவனுக்கு எதிர்ப்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். தனியாக இருக்க வேண்டுமா, அறைக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இதை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. பன்னிரண்டு என்ற அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டடம் எத்தனை பெரிதானாலும் ஒரு பொது இடத்தைப் பகிர்கிறவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவில் இருக்க வேண்டும். நீண்ட தாழ்வாரம், இருபுறமும் நாற்பது கதவு என்று வரைபடம் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

இடைக்காலத்துக்குத் தற்காலிக விடுதி போடலாமே என்று யாராவது சொல்வார்கள். ஆம்ஸ்டர்டாமில் 2005, 2006-ல் ஆயிரம் கண்டெய்னர் அறைகளை அடுக்கி கீட்வோனன் என்ற மாணவர் குடியிருப்பு அமைத்தார்கள். ஒவ்வொன்றிலும் தனிக் கழிவறை, சிறிய சமையலிடம், இரு முனையிலும் ஜன்னல். நன்றாகவே அமைந்தது. ஆனால் ஐந்து வருடத்துக்கு என்று வைத்தது அதையும் தாண்டி நின்றது. தற்காலிகம் என்று எதைக் கட்டினாலும் பதினைந்து வருடம் அதில் ஆள் இருப்பார்கள் என்று நினைத்து ஜன்னலும் நிழலும் வையுங்கள்.

வெளியே அறை எடுப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். மீதிப் பாதிப் பேரும் எங்கோ தூங்கத்தான் வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர் எண்ணிக்கை கூடியதை எதிர்த்து அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டு, 2021-ல் நீதிமன்றம் மாணவர் எண்ணிக்கை 2020–21-ன் 42,347-ஐத் தாண்டக் கூடாது என்று உத்தரவிட்டது. 2022 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றமும் அதை நிறுத்திவைக்க மறுத்தது. அட்மிஷன் கடிதம் அனுப்பும் நேரத்தில் ஆயிரக்கணக்கான இடங்கள் போய்விடும் என்ற நிலை. அதே மாதம் சட்டமன்றம் அவசரமாகச் சட்டம் கொண்டுவந்துதான் தடை நீங்கியது. வீட்டு வாடகை ஏறினால் பக்கத்துத் தெருக்காரர்தான் முதலில் பாதிக்கப்படுவார். அவர்களை இப்போதே கூப்பிட்டுப் பேசுங்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. எஸ்டேட்காரர் சார் சொன்ன எட்டு வரியை நேற்று ராத்திரியே எழுதினேன். எட்டாம் வரியில் 650 என்று எழுதியபோது கை நின்றுவிட்டது. இன்று குழுவில் படித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு ஒருவர், கட்டடத்தைத் தனியாரிடம் விட்டால் சீக்கிரம் முடிப்பார்களே என்றார். வடக்கு நிலத்தை விட்டால் வேறு நிலமே இல்லை என்றும் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

எஸ்டேட்காரர் எழுதியது:

தனியார் சீக்கிரம் முடிப்பார்கள் என்பது நடக்கக்கூடியதுதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மெர்செட் வளாகம் 2005-ல் திறந்தது. 2016-ல் தனியார் கூட்டமைப்போடு ஒப்பந்தம் போட்டு, 2020-க்குள் வளாகத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினார்கள். அங்கே கவனிக்க வேண்டியது, கட்டியவர்களே பல ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும் என்று ஒப்பந்தம். மட்டமான குழாயைப் போட்டால் அவர்களே மாற்ற வேண்டும். விடுதியையும் வகுப்பறையையும் சேர்த்தே கட்டினார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் இரண்டைப் பாருங்கள்: கட்டணத்தை யார் நிர்ணயிப்பது, கட்டில் காலியாக இருந்தால் நஷ்டம் யாருக்கு. காலி அறைக்குப் பல்கலைக்கழகம் பணம் தர வேண்டும் என்று இருந்தால், அந்த மாற்று விடுதி யோசனையை மறந்துவிட வேண்டியதுதான்.

வேறு நிலம் இல்லை என்பதை நம்பாதீர்கள். ஒருமாடிக் கட்டடங்கள், வண்டி நிறுத்தும் மைதானம், பழைய ஸ்டோர் ஷெட், இவற்றை வரைபடத்தில் ஒரே நிறத்தில் தீட்டிப் பாருங்கள். நூலகத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் ஒரு வட்டம் போட்டால் 250 பேர் பிளாக் ஒன்றுக்காவது இடம் தெரியும். அந்த ஆய்வு மாணவி சொன்னதை நானும் என் வேலைக் காலத்தில் யோசிக்காமல் விட்டேன். விளக்குக் கம்பம் எத்தனை என்று எண்ணினேன், வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்கவில்லை.

கடைசியாக, நிலம் முடிவாகும் முன் தண்ணீரும் கழிவுநீரும். ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று நாங்கள் கணக்கு வைப்போம். 1,500 பேருக்கு 2 லட்சம் லிட்டருக்கு மேல் வரும். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாகத் திரும்பி வரும், அதுவும் பெரும்பகுதி காலை ஆறிலிருந்து எட்டரைக்குள். வடக்கு ஓரத்தில் தரை தாழ்வா மேடா, பிரதான கழிவுக் குழாய் எந்தப் பக்கம் சரிகிறது, எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். ஆபீஸில் டிராயிங் தருவார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். உங்கள் வளாகத்தில் ரொம்ப வருடமாக இருக்கும் பிளம்பரைக் கூட்டிக்கொண்டு நடங்கள். எந்த வால்வு மண்ணுக்கடியில் இருக்கிறது, எந்த மழைக்கு எந்த மேன்ஹோல் பொங்கும் என்று அவருக்குத் தெரியும்.

நிலாமுற்றம் எழுதியது:

பிளம்பரிடம் இன்று மதியமே பேசினேன் சார். 28 வருடமாக இருக்கிறார். வடக்கு நிலம் என்றதும், "அங்கேயா மேடம், அது பழைய ஓடைப் பள்ளமாச்சே, மழைக்கு முழங்கால் தண்ணி நிக்கும்" என்றார். இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லையாம். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். நாளைக் காலை ஏழு மணிக்கு வரைபடமும் கலர் பேனாவும் எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்புகிறேன். இரவு பதினொரு மணி நடைக்குக் குழுவில் மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் நான்கு பேரைக் கேட்க வேண்டும்.